ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தை



"டிரஸர் ஐயா, பிள்ளைய ஆயாக் கொட்டகையில விடலாமுங்களா? இல்ல எங்கம்மா வீட்டுக்கே அனுப்பிடட்டுமா?" பேறுகால விடுப்பு முடியப் போகிற சமயத்தில் டிஸ்பென்சரிக்கு வரும் தாய்மார்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான். விடலாம் என்றோ விடக்கூடாது என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எந்தக் கொட்டகை, அங்கே யார் பார்த்துக்கொள்கிறார், எத்தனை பிள்ளைகள் என்பதைப் பொறுத்தது. ஆகவே எதை எதைப் பார்க்கவேண்டும் என்பதை இந்த இதழில் எழுதுகிறேன். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய், பக்கத்து வீட்டு அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு பேக்டரி வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் பிள்ளையின் வயதை நினைத்துப் பாருங்கள். 2023 ஜனவரி 1-ஆம் தேதி முதல் நம் நாட்டில் பேறுகால விடுப்பு 98 நாள். அதற்கு முன்பு 60 நாள்தான். 98 நாள் என்றால் 14 வாரம். அந்த வயதில் பிள்ளைக்குத் தலை இப்போதுதான் நிற்க ஆரம்பித்திருக்கும். உட்காரத் தெரியாது, மூக்கின்மேல் விழுந்த துணியைத் தள்ளத் தெரியாது, பசியையும் வலியையும் அழுகையால்தான் சொல்லும். காலைப் பெரட்டுக்கு முன்பே கொண்டுபோய் விட்டால், வேலை முடிந்து நீங்கள் திரும்பும்வரை அது விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வேறொருவர் கையில் போகிறது. பேக்டரியில் ஓட்டி பார்க்கிறவர்களுக்கு இன்னும் அதிகம்.

கொட்டகையைப் பார்க்கப் போகிறவர்கள் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறதா, சுவரில் படம் இருக்கிறதா, பொம்மை இருக்கிறதா, டிவி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். தரை சுத்தமாக, காற்றோட்டமாக, கதவு தாழிடக்கூடியதாக, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருந்தால் கட்டடத்தைப் பற்றி அவ்வளவுதான். நான் முதலில் எண்ணுவது கைகளைத்தான்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு எட்டு மணி நேரத்தில் மூன்று தடவையாவது பால் கொடுக்கவேண்டும். தூக்கி மடியில் வைத்து, கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் எடுக்க ஒரு தடவைக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 60 நிமிடம். ஐந்து தடவை துணியோ பெம்பர்ஸோ மாற்றவேண்டும். கழுவித் துடைத்து, ஆயாம்மா தன் கையையும் கழுவ ஆறு நிமிடம் என்றால் 30 நிமிடம். ஆக ஒரு பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று பிள்ளை என்றால் நாலரை மணி. மிச்சம் மூன்றரை மணி நேரத்தில் தூங்க வைக்கலாம், பேசலாம், போத்தல் கழுவலாம், தானும் ஒரு வாய் சாப்பிடலாம். ஆறு பிள்ளை என்றால்? ஒன்பது மணி நேரம்! நாளே எட்டு மணிதான்.

அந்த ஆயாம்மா என்ன செய்வார்? தலையணையில் போத்தலை முட்டுக்கொடுத்து, பிள்ளையின் வாயில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் ஓடுவார். கெட்ட மனசினால் அல்ல, கை போதாமல்தான். ஆனால் இப்படிப் படுக்க வைத்துக் குடிக்க விட்டால் புரை ஏறும், மூச்சடைக்கும். காதில் சீழ் வருவதற்கும் இது ஒரு காரணம். பல் முளைத்த பிள்ளைக்குப் பல் சொத்தையாகும். அடிக்கடி காதுவலி என்று ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தால், போத்தலை யார் பிடிக்கிறார்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

சட்டமும் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் இருக்கிறது. நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து, கூலி வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இடம் 'தஸ்கா' எனப்படும். அது சமூகநல இலாகாவில் பதிந்திருக்கவேண்டும். அங்கே ஒரு வயதுக்கு உட்பட்ட 3 பிள்ளைக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரை 5 பிள்ளைக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயதுக்கு 10 பிள்ளைக்கு ஒருவர் என்பது விதி. பக்கத்து வீட்டு அம்மா இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் பார்த்தால் பதிவு வேண்டியதில்லை. எந்த அதிகாரியும் வந்து பார்க்கமாட்டார். அப்படியானால் அதிகாரி வேலையை நீங்களேதான் பார்க்கவேண்டும்.

பிள்ளைகளை எண்ணும்போது பள்ளிக்கூடம் விட்டு மதியம் வந்து சேருகிற பெரிய பிள்ளைகளையும் சேர்த்து எண்ணுங்கள். காலையில் மூன்று பேர் இருந்த இடத்தில் மதியம் ஒன்பது பேர் இருப்பார்கள்.

அடுத்தது, அந்தக் கை மாறாமல் இருக்கிறதா என்பது. ஏழெட்டு மாதத்தில் பிள்ளை ஆள் அடையாளம் கண்டு, புது முகத்தைப் பார்த்து வீறிட்டு அழும். "புள்ள கெட்டுப் போச்சு, யாருகிட்டயும் போக மாட்டேங்குது" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அது கெட்டுப்போகவில்லை. தன்னைக் காப்பாற்றும் ஆள் யார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது, மூளை சரியாக வளருகிறது என்று அர்த்தம். கொட்டகையிலும் அதற்குத் தன் ஆள் என்று ஒருவர் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஓர் ஆயா, அடுத்த மூன்று மாதத்துக்கு இன்னோர் ஆயா என்று மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், சோர்ந்து போகும்.

ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்டில் எம்மி பிக்லர் என்ற பெண் டாக்டர் 1946-இல், போர் முடிந்த கையோடு, தாயில்லாத கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் நடத்தத் தொடங்கினார். அந்தக் காலத்து அனாதை இல்லங்களில் பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கும், சுத்தம் இருக்கும், ஆனால் பிள்ளைகள் வாடிப்போகும். பிக்லர் அம்மையார் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னார்தான் பொறுப்பு என்று வைத்தார். துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது, பால் கொடுப்பது ஆகியவற்றை அவசரப்படாமல் செய்யச் சொன்னார். "இப்போ உன்னைத் தூக்கப் போறேன், கையை நீட்டு" என்கிற மாதிரி பிள்ளையிடம் சொல்லிவிட்டே தொடச் சொன்னார். பொம்மையோ டிவியோ இல்லாமல், துணி மாற்றுகிற அந்த ஐந்து நிமிடத்தையே பிள்ளையின் பாடமாக்கினார். நம் பாட்டிமார்கள் எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது "எங்க கண்ணு, எங்க ராசா" என்று ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்களே, அதுவும் இந்த வகைதான்.

பேச்சு என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் 1991-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். பத்து இடங்களில் பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவர் பொறுப்பில் குறைவான பிள்ளைகள், பயிற்சி பெற்ற ஆள் என்று இருந்த இடங்களில் கவனிப்பு நன்றாக இருந்தது. பிள்ளை "ங்கா" என்றால் திருப்பிப் பேசுகிற, அழுதால் வந்து பார்க்கிற ஆள் கிடைத்த குழந்தைகள் பேச்சிலும் அறிவிலும் ஓரளவு முன்னால் நின்றார்கள். அதே ஆராய்ச்சியில் தெரிந்த இன்னொரு செய்தி தாய்மார்களுக்கு ஆறுதலானது. பிள்ளையை வெளியில் விட்டாலும், பிள்ளையின் வளர்ச்சியை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது வீடும் தாயும்தான். வேலைக்குப் போவதால் பிள்ளை உங்களை மறந்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆயாம்மா மலாய்க்காரராகவோ இந்தோனேசியராகவோ இருந்தால் எந்த மொழியில் பேசுவது என்று கேட்கிறார்கள். அவருக்கு வாய்க்கு வருகிற மொழியில் பேசட்டும். நீங்கள் வீட்டில் தமிழில் பேசுங்கள். பிள்ளை இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் டிவியையும் கைப்பேசியையும் ஆயாவாக வைக்கக்கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரையே காட்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக்கூடாது என்றும், விழித்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக, நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது குப்புறப் போட்டு விளையாட விடவேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இனி பால் விஷயம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். "வேலைக்குப் போறேனே, எப்படிக் குடுக்கறது?" என்றால், வழி இருக்கிறது. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, மூடி போட்ட சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வையுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஐஸ் பெட்டியின் உள்தட்டில் என்றால் இரண்டு நாள் வைக்கலாம். கொடுக்கும்போது அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கினால் போதும். வேலையிடத்திலும் மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை பீய்ச்சி எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், பாலும் வற்றும். இதற்கு 20 நிமிடமும் மறைவான ஓர் இடமும் வேண்டும். இதை நிர்வாகத்திடம் தனியாளாகப் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கும். கிளைத் தலைவர் மூலம் கேளுங்கள்.

மாவுப்பால் கொடுப்பதென்றால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கரைக்கவேண்டும். கொதித்து இறக்கி அரை மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவிலேயே கிருமி இருக்கக்கூடும், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும். பிறகு ஆற வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கவேண்டும். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். கரைத்து இரண்டு மணி நேரம் ஆனதையும் கொட்டிவிடுங்கள். காலையில் வீட்டிலேயே மூன்று போத்தல் கரைத்துப் பையில் போட்டு அனுப்புவது வயிற்றுப்போக்கை அனுப்புவதுதான். அளந்த மாவைத் தனித்தனி டப்பாவில் அனுப்புங்கள், ஆயாம்மா அப்போதைக்கப்போது கரைக்கட்டும். காசு மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டிக் கரைத்தால் பிள்ளை வயிறு நிறையும், உடம்பு ஏறாது.

கெட்டிப்பாலைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு வருத்தம்தான். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் 1939-இல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தில் பேசும்போது 'பாலும் கொலையும்' என்றே தம் பேச்சுக்குத் தலைப்பு வைத்தார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டுக் கெட்டிப்பாலைக் கொடுத்ததால் குழந்தைகள் சாவதை ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்த்த ஆத்திரம் அது. அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. இன்று கடையில் விற்கும் தகரங்களில் பல, பால்கூட இல்லை, செம்பனை எண்ணெய் கலந்த கிரீமர். கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று தகரத்திலேயே மலாயில் போட்டிருக்கும், திருப்பிப் படித்துப் பாருங்கள். கோப்பிக்கு ஊற்றுங்கள், பிள்ளைக்கு வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் தடவுவதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளை முடக்கிவிடும்.

தூக்கம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கவேண்டும். குப்புறவோ ஒருக்களித்தோ வேண்டாம். கெட்டியான, தட்டையான படுக்கை. தலையணை, பஞ்சு பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று நாடு முழுதும் பிரசாரம் செய்தார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் சாகும் குழந்தைகளின் கணக்கு பாதியாகக் குறைந்தது. நம் சேலைத் தொட்டிலைப் பற்றிச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. "நாங்கல்லாம் அதுலதானே வளர்ந்தோம்" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் தொட்டிலில் பிள்ளை வளைந்து கிடக்கும். கழுத்து நிற்காத பிள்ளையின் தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழாய் மடங்கும், அழக்கூடச் சத்தம் வராது. ஆள் கண் முன்னால் இருக்கும்போது ஆட்டித் தூங்க வைத்துவிட்டு, பிறகு தட்டையான பாயிலோ கட்டிலிலோ மாற்றிப் போடுங்கள். கயிறும் ஸ்பிரிங்கும் கொக்கியும் தேய்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அழுகிறதே என்று வேகமாக உலுக்கவே கூடாது. பிள்ளையின் மூளை மென்மையானது, உள்ளே இரத்தம் கசிந்துவிடும். தாங்க முடியவில்லை என்றால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு, ஆயாம்மா இரண்டு நிமிடம் வெளியே போய் மூச்சு விட்டு வரட்டும்.

சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் சிகரெட்டுப் புகையும் பிள்ளையின் நெஞ்சுக்கு ஒன்றுதான். கொசுவுக்கு வலை கட்டுங்கள். இன்னொன்று, மருந்தடிப்பு வேலை பார்க்கிற தாய்மார்களுக்கு. பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்பதற்காக மற்ற களைக்கொல்லிகள் எல்லாம் பன்னீர் என்று நினைத்துவிட வேண்டாம். வேலை முடிந்து நேராகக் கொட்டகைக்கு ஓடிவந்து பிள்ளையை வாரி அணைக்க ஆசையாகத்தான் இருக்கும். முதலில் குளித்து உடை மாற்றிக்கொண்டு வாருங்கள். மருந்து ஸ்டோருக்குப் பக்கத்தில் கொட்டகை இருந்தால் சங்கம் அதைச் சும்மா விடக்கூடாது.

நோய் பரவுவதைப் பற்றி. கை கால் வாய்ப் புண் நோயைத் தெரியாத கொட்டகை கிடையாது. 1997-இல் சரவாக்கில் அது பரவியபோது குழந்தைகள் இறந்தார்கள். மலத்திலும் எச்சிலிலும் பரவும் கிருமி அது. ஆகவே துணி மாற்றும் இடமும் பால் கரைக்கும் இடமும் வெவ்வேறாக இருக்கவேண்டும். போத்தலில் விற்கிற கைத் திரவம் இந்தக் கிருமிக்குச் சரியாக வேலை செய்யாது. குழாய்த் தண்ணீரும் சவுக்காரமும்தான் வேண்டும். கொட்டகைக்குப் போனால் குழாயடியைப் பாருங்கள். சவுக்காரக் கட்டி நனைந்திருந்தால் யாரோ கை கழுவுகிறார்கள்.

காய்ச்சல், கொப்புளம், வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் கொண்டுவந்து விடாதீர்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஒருநாள் பேர் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். மருந்து கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிவிட்டுக் கொண்டுவருகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பிள்ளைக்கு நோய் வந்தால் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளத்தோடு லீவு கிடைக்க வழி செய்தால்தான் இது நிற்கும். பேச்சுவார்த்தை மேசையில் வைக்கவேண்டிய சங்கதி இது.

இதையெல்லாம் செய்யவேண்டியவர் யார்? ஆயாம்மா. அவர் சம்பளம் என்ன என்று யாராவது கேட்டதுண்டா? வெட்டுக்குப் போகமுடியாத வயதானவரைக் கொட்டகையில் உட்கார வைத்த பழக்கம் நம் தோட்டங்களில் வெகுநாள் இருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் சொந்தப் பேரப்பிள்ளை மாதிரி பார்த்தார்கள். ஆனால் குறைந்த கூலிக்கு வருகிறவர் கொஞ்சம் கூடக் கிடைத்தால் போய்விடுவார், பிள்ளைக்கு மறுபடியும் புது முகம். தோட்டமோ மையமோ சம்பளத்துக்கு வைத்திருக்கிற ஆயாவும் தொழிலாளிதான். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது அவருக்கும் சேர்த்துத்தான். குழந்தைப் பராமரிப்புப் பயிற்சிக்கு அவரை அனுப்பும் செலவையும் முதலாளி ஏற்கவேண்டும் என்று கேளுங்கள். தோட்டத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம் என்று எழுதியிருக்கிறது. கொட்டகை என்பது துரை போடுகிற பிச்சையல்ல.

தினமும் காலையில் விடும்போது ஆயாம்மாவிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது பால் குடித்தது, ராத்திரி எப்படித் தூங்கியது, மலம் எப்படிப் போனது. மாலையில் அதே மூன்றையும் அவரிடம் கேளுங்கள். ஒரு பத்து காசு நோட்டுப் புத்தகம் போல ஏதாவது வைத்து எழுதினால் இன்னும் நல்லது. கிளினிக் புத்தகத்தில் தடுப்பூசி வரிசை தவறவில்லையா என்று மிஸியிடம் காட்டுங்கள். தடுப்பூசி போடாத பிள்ளை இருக்கும் கொட்டகையில் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆபத்து. சொல்லாமல் கொள்ளாமல் வாரத்தில் ஒருநாள் எட்டிப் பாருங்கள். நல்ல ஆயாம்மா அதற்குக் கோபப்பட மாட்டார். பிள்ளை உங்களைப் பார்த்து அழுதால் பயப்படாதீர்கள், யாரைப் பார்த்தும் அழாமல் சிரிக்காமல் வெறித்துக் கிடந்தால்தான் கவனிக்கவேண்டும். மறைந்து நழுவிப் போகாதீர்கள். "அம்மா வேலைக்குப் போயிட்டு வர்றேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசியாக, இதை வெட்டி எடுத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் கண்டாலோ, எந்த வயதுப் பிள்ளையானாலும் பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 50-க்கு மேல் (இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60-க்கு மேல்) மூச்சு வாங்கினாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் கண் குழி விழுந்தாலோ, தாய் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரி. வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, தாய் எந்தக் காட்டில் வேலை செய்கிறார், தகப்பனின் கைப்பேசி எண் என்ன என்பதையும் அதன் கீழேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் கஞ்சி, கூழ், மீன், முட்டை பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.